பத்திய உணவும் பாக்கெட் லேபிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரங்களில் மருத்துவர் சொன்ன பத்தியத்தில் இருப்பவர்களும், அவர்களுக்காக மளிகைச் சாமான் வாங்கிச் சமைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எதை விலக்க வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரும் உணவியல் நிபுணரும் முடிவு செய்வார்கள். அவர்கள் விலக்கச் சொன்ன பொருள் பாக்கெட்டில் எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்பதைப் பற்றி மட்டுமே இங்கு எழுதப்பட்டுள்ளது.

லேபிளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பாக்கெட்டின் முன்பக்கம் விற்பனைக்காக எழுதப்படுவது. சட்டம் கேட்கும் விவரங்கள் பெரும்பாலும் பின்பக்கத்திலோ மடிப்பு ஓரத்திலோ இருக்கும். ஆகவே கையில் எடுத்தவுடன் பாக்கெட்டைத் திருப்புங்கள். அங்கே ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் ஒவ்வாமை அறிவிப்பைத் தேடுங்கள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் முதலிய, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட் (கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள்) ஆகியவை இருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள் கூறுகின்றன. நீங்கள் விலக்குவது இவற்றில் ஒன்றானால் வேலை பாதியாகக் குறையும். எள்ளும் கடுகும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்; நல்லெண்ணெய் புழங்கும் நம் பக்கத்தில் எள் ஒவ்வாதவர்கள் பட்டியல் முழுவதையும் வரி விடாமல் வாசித்தே தீர வேண்டும்.

அடுத்தது உட்பொருள் பட்டியல். தயாரிக்கும்போது எது அதிக எடையில் சேர்ந்ததோ அது முதலிலும், குறைவானது கடைசியிலும் எழுதப்படும். முதல் மூன்று பெயர்களை வாசித்துவிட்டுப் பாக்கெட்டைக் கூடையில் போடுகிறவர்களே அதிகம். ஆனால் பத்தியக்காரர்களுக்குத் தொல்லை தருபவை பெரும்பாலும் பட்டியலின் நடுவிலும் வாலிலும் அடைப்புக்குறிகளுக்குள்ளும்தான் இருக்கின்றன.

லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் இருப்பது தயாரிப்பாளரின் விருப்பம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், விலக்க வேண்டிய ஏழெட்டுச் சொற்களை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதிப் பையில் வைத்துக் கொடுத்தால், எழுத்து வடிவத்தை ஒப்பிட்டே அவர்கள் கண்டுகொள்வார்கள். பொடி எழுத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

எண் போட்டிருந்தாலே அது இரசாயனம், ஆகவே கெடுதல் என்கிறார்களே?

அப்படி எல்லா எண்ணையும் அஞ்சத் தொடங்கினால் எதை அஞ்ச வேண்டுமோ அது கண்ணில் படாமல் போய்விடும். சேர்க்கைப் பொருள் ஒன்றைக் குறிப்பிடும்போது அது என்ன வேலைக்காகச் சேர்க்கப்பட்டது என்பதோடு அதன் பெயரையோ, ஐஎன்எஸ் எனப்படும் பன்னாட்டு வரிசை எண்ணையோ எழுத வேண்டும் என்பது விதி. ஐஎன்எஸ் 100 என்றால் ஈரோட்டு மஞ்சளிலும் இருக்கும் குர்குமின் நிறமி. 300 வைட்டமின் சி. 330 சிட்ரிக் அமிலம். 440 பழங்களில் உள்ள பெக்டின். 500(ii) சமையல் சோடா. வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் வரும் ஈ எண்களும் பெரும்பாலும் இதே எண்கள்தாம்.

எண்கள் ஓரளவு வகை வகையாக அமைந்திருக்கின்றன. 100 வரிசை நிறங்கள், 200 வரிசை கெடாமல் காப்பவை, 300 வரிசையில் புளிப்பூட்டிகளும் எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் தடுப்பவையும், 400 வரிசையில் கெட்டிப்படுத்தும் பசைகளும் எண்ணெயையும் நீரையும் கலக்கச் செய்பவையும், 600 வரிசை சுவை கூட்டிகள், 950ஐ ஒட்டி இனிப்பூட்டிகள், 1400 வரிசை மாற்றப்பட்ட ஸ்டார்ச்சுகள். ஒருவருக்கு ஆகாத எண் இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே ஊருக்கெல்லாம் பொதுவாகச் சுற்றும் ‘ஆபத்தான எண்கள்’ பட்டியலைச் சமையலறையில் ஒட்டிவைப்பதைவிட, உங்கள் பத்தியத்துக்கு உரிய எண்களை மட்டும் தெரிந்துகொள்வதே பயன் தரும்.

ஒரு லேபிளை எடுத்து வாசித்துக் காட்ட முடியுமா?

கடைகளில் விற்கும் சிறுதானிய நூடுல்ஸ் பாக்கெட்டுகளின் சாயலில், விளக்கத்துக்காக அமைத்த லேபிள் இது. முன்பக்கத்தில் தினைக் கதிர் படம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கம் இப்படி இருக்கும்: ‘நூடுல்ஸ்: ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர் 60 சதவீதம், ஃபாக்ஸ்டெயில் மில்லெட் ஃப்ளோர் 30 சதவீதம், பாமோலின், உப்பு, வீட் குளூட்டன், திக்னர்கள் 508, 412, அசிடிட்டி ரெகுலேட்டர்கள் 501(i), 500(i), ஹியூமெக்டன்ட் 451(i). மசாலா: மிக்ஸ்ட் ஸ்பைசஸ், உப்பு, சர்க்கரை, ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், மால்டோடெக்ஸ்ட்ரின், ஆனியன் பவுடர், ஃப்ளேவர் என்ஹான்சர் 635, ஆன்டி கேக்கிங் ஏஜென்ட் 551.’

குளூட்டன் ஆகாதவர் முதல் சொல்லிலேயே பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடலாம், ஏனெனில் ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர் என்பது மைதா. படத்தில் தினை இருந்தாலும் பாக்கெட்டில் பாதிக்கு மேல் மைதாதான். சிறுநீரக நோயாளி மைதாவைத் தாண்டி எண்களுக்கு வர வேண்டும்: 508 பொட்டாசியம் குளோரைடு, 501(i) பொட்டாசியம் கார்பனேட், 451(i) சோடியம் டிரைபாஸ்பேட். அவருக்கு இந்த மூன்றுமே கேள்விக்குரியவை. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைப்பவர் இரண்டு இடத்தில் வரும் உப்பையும், உப்பு என்ற பெயர் இல்லாமலே சோடியம் சேர்க்கும் 500(i), 451(i), 635 ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். குடல் எரிச்சல் நோய்க்காக வெங்காயத்தை விலக்குபவருக்கு மசாலாவில் ஆனியன் பவுடர் காத்திருக்கிறது. சைவம் சாப்பிடுபவர் 635ஐப் பார்த்துவிட்டுச் சின்னத்தைத் தேட வேண்டும். அது செடியின் மூலத்திலிருந்தும் வரலாம், மீன் அல்லது இறைச்சியிலிருந்தும் வரலாம். 551 என்பது பொடி கட்டிப்பிடிக்காமல் காக்கும் சிலிக்கா. இந்த ஐவரில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

‘இது சுத்தமான ராகிங்க’ என்று கடைக்காரர் சொல்லும் சேமியாவை நம்பலாமா?

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்வதற்கில்லை. அவரும் முன்பக்கத்தைத்தான் பார்த்திருப்பார். ராகி மாவில் குளூட்டன் இல்லாததால் அது இழையாக நிற்பதற்குப் பல தயாரிப்பாளர்கள் கோதுமை மாவையோ மைதாவையோ சேர்க்கிறார்கள், அதைப் பின்பக்கத்தில் எழுதியும் விடுகிறார்கள். கம்பு, சோளம், தினை சேர்த்த பிஸ்கட்டுகளும் அப்படியே. வீட்டில் பிழியும் சந்தவைக்கு (இடியாப்பம்) இந்தச் சிக்கல் கிடையாது. புழுங்கலரிசியும் உப்பும் போதும்.

ராகி மால்ட் என்று நம் பக்கத்தில் சொல்வது பெரும்பாலும் முளைகட்டிய ராகி மாவு. அதில் வேறு எதுவும் கலக்காதவரை குளூட்டன் பத்தியத்துக்குத் தடையில்லை. ஆனால் உட்பொருள் பட்டியலில் ‘மால்ட்’, ‘மால்ட் எக்ஸ்ட்ராக்ட்’ என்று மட்டும் இருந்தால் அது வழக்கமாகப் பார்லியிலிருந்து வருவது, பார்லியிலும் குளூட்டன் உண்டு. பாலில் கலக்கும் சத்துமாவு பானங்கள் பலவற்றிலும் சில காலை உணவுச் செதில்களிலும் இதைக் காணலாம்.

பெருங்காயத்தில் கோதுமை இருக்கிறது என்பது உண்மையா?

உண்மை. குளூட்டன் பத்தியத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கடைசியாகக் கண்டுபிடிக்கும் பொருள் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வரும் பெருங்காயப் பிசின் மிகவும் காரமான நெடி உடையது. அப்படியே சமையலில் போட முடியாது. ஆகவே அதை அரபுக் கோந்தோடும் ஸ்டார்ச்சோடும் தானிய மாவோடும் கலந்து, கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். சட்டமே இந்தக் கலவையை அனுமதிக்கிறது. இது கலப்படத்தில் சேராது. நம் கடைகளில் கிடைக்கும் கட்டியிலும் தூளிலும் அந்தத் தானிய மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்தால் பல நேரம் பெருங்காயத்தின் பெயர் கோந்துக்கும் மாவுக்கும் பிறகுதான் வரும்.

ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். சீலியாக் நோய், அதாவது குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய், உள்ளவர்களின் சிறுகுடல், அறிகுறி எதுவும் வெளியே தெரியாத அளவுக்குச் சிறிய குளூட்டனாலும் தொடர்ந்து புண்படக்கூடும். ரசம், சாம்பார், மோர்க்குழம்பு, ஊறுகாய் என்று அந்தச் சிட்டிகை நாள்தோறும் திரும்ப வருகிறது என்பதையும் நினைக்க வேண்டும். பாக்கெட் மசாலாவிலும் ஊறுகாயிலும் பெருங்காயம் ஓர் உட்பொருளாக, பட்டியலின் வாலில் வரும். ஓர் உட்பொருள் பலவற்றின் கலவையாக இருந்து, மொத்த உணவில் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், அதற்குள் இருப்பதைப் பிரித்து எழுதத் தேவையில்லை என்று விதியில் ஒரு தளர்வு உண்டு. ஒவ்வாமை அறிவிப்பில் கோதுமை வந்திருக்க வேண்டும். சிறு தயாரிப்பாளர்களின் பொட்டலங்களில் அது விடுபட்டும் போகிறது. ஆகவே ‘அசஃபெட்டிடா’ என்ற சொல்லைக் கண்டால், எதிர்ச்சான்று கிடைக்கும்வரை அதைக் கோதுமையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. அதில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்றும் எழுதியிருந்தால் வாங்கலாம். கல்யாணப் பந்தியில் உட்காரும்போது சாதம், தயிர், வாழைப்பழம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது சங்கடமாகத்தான் இருக்கும். சமையல்காரரிடம் முன்னதாகவே சொல்லிவைத்தால், தாளிக்கும் முன் கொஞ்சம் சாம்பார் எடுத்துவைப்பார்கள்; பெருங்காயத்தை அவர்கள் எப்போது போடுகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதியிருந்தால் போதுமா?

அந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ‘லோ குளூட்டன்’ என்பது வேறு. அதில் 20க்கு மேல் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம், சீலியாக் நோயாளிகளுக்கு அது ஏற்றதன்று. ‘மைதா இல்லை’ என்ற விளம்பரத்துக்குக் குளூட்டனோடு தொடர்பே இல்லை. முழுக் கோதுமையிலும் மைதா கிடையாது.

லேபிளே இல்லாத ஆபத்து ஒன்று நம் ஊர்களில் உண்டு. வீட்டு ராகியையும் அரிசியையும் கழுவிக் காயவைத்து ரைஸ்மில்லுக்குக் கொண்டுபோகிறோம். நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், எந்திரத்தில் தங்கிய மாவு நம் மாவில் கலந்து வரும். மில்லில் காலையில் முதல் ஆளாகப் போவதும், அரிசிக்கென்று தனி எந்திரம் இருக்கிறதா என்று கேட்பதும், முதலில் விழும் ஒரு படி மாவை வீட்டில் மற்றவர்களுக்கு வைத்துக்கொள்வதும் ஓரளவு உதவும். சீலியாக் நோய் உறுதியான வீட்டில் சிறிய மாவு எந்திரம் வாங்கிவிடுவதே நல்லது.

பால் ஆகாது என்றால் எந்தச் சொற்களைத் தேட வேண்டும்?

வே, கேசின், கேசினேட், மில்க் சாலிட்ஸ், லாக்டோஸ், பட்டர், நெய் ஆகிய எல்லாம் பால்தான். ‘நான் டெய்ரி கிரீமர்’ என்று எழுதிய பொடியிலும் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் இருக்கலாம். பாலின் சர்க்கரை மட்டும் செரிக்காதவர்கள் கொஞ்சம் தயிரும் நெய்யும் தாங்கிக்கொள்வார்கள். பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. லாக்டிக் அமிலம், அதாவது ஐஎன்எஸ் 270, பெயரில் பாலை ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் மாவுச்சத்தையோ சர்க்கரையையோ நொதிக்கவைத்து எடுப்பது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பாக்கெட்டில் வரும் மோர் மிளகாய் தயிரில் ஊறியது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வாங்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

சிறுநீரக நோய்க்குப் பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைக்கச் சொன்னார்கள். ஊட்டச்சத்து அட்டவணையில் இவை இல்லையே?

இல்லை என்பதுதான் சிக்கல். அந்த அட்டவணையில் ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் ஆகியவை கட்டாயம். பொட்டாசியமும் பாஸ்பரஸும் கட்டாயமில்லை. ஆகவே சிறுநீரக நோயாளிக்கு உட்பொருள் பட்டியலில் உள்ள எண்களே வழி. பாஸ்பேட்டுக்கு 338 முதல் 341 வரையும், 450 முதல் 452 வரையும் பாருங்கள். சொல்லாக எழுதியிருந்தால் எங்கே ‘பாஸ்’ என்ற ஒலி வருகிறதோ அங்கே நில்லுங்கள். கருநிற கோலா பானங்களில் 338, பதப்படுத்திய பாலாடைக்கட்டியிலும் இறைச்சியிலும் 450 வரிசை, கேக் மாவுக் கலவையில் பேக்கிங் பவுடர் வழியாகவும் பாஸ்பேட் வரும்.

பருப்பிலும் கொள்ளிலும் பாஸ்பரஸ் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. தாவரத்தில் உள்ளது பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டிருப்பதால் அதில் ஏறக்குறைய பாதிதான் உடலில் ஏறும்; உப்பு வடிவில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ பெரும்பகுதியும் ஏறிவிடும். ஆகவே ஒரு கரண்டி அரிசி பருப்பு சாதத்தைக் குறைப்பதற்கு முன் பாக்கெட் தீனியைக் குறைப்பது அறிவுடைமை என்பது என் கருத்து. எவ்வளவு என்பதை உங்கள் நிபுணர் சொல்லட்டும்.

பொட்டாசியத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ‘லோ சோடியம்’ உப்பு. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு போடுகிறார்கள். இரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது உதவலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கும். இத்தகைய உப்புகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட பரிந்துரையும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று விலக்கியே வைத்திருக்கிறது. ஒரே வீட்டில் அழுத்தக்காரரும் சிறுநீரக நோயாளியும் இருந்தால் உப்பு டப்பாக்களைத் தனித்தனியே பெயர் எழுதி வையுங்கள்.

உப்பைக் குறைத்தும் அழுத்தம் குறையவில்லை. எங்கிருந்து வருகிறது?

அப்பளம், வடகம், ஊறுகாய், பாக்கெட் காரவகைகள், பேக்கரி சாமான்கள் ஆகியவற்றைப் பாருங்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அது சோடியம் கார்பனேட் வகை, லேபிளில் 500 என்று வரும். நாக்கில் உப்புச் சுவை தெரியாத பன்னிலும் பிஸ்கட்டிலும் சமையல் சோடா வழியாகச் சோடியம் இருக்கிறது. அட்டவணையில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் ஏறக்குறைய 1 கிராம் உப்புக்குச் சமம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அட்டவணை 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பார்த்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

நாட்டுச் சர்க்கரையிலும் கொப்பரையிலும் என்ன ஒளிந்திருக்க முடியும்?

சல்ஃபைட். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இது மூச்சிறைப்பைத் தூண்டும். லேபிளில் 220 முதல் 228 வரையிலான எண்களாக வரும்; பொன்னிற உலர் திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட், பழரசச் செறிவு, சில வகை ஊறுகாய்கள் ஆகியவற்றில் பார்க்கலாம்.

வெல்லத்துக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் பெரும்பாலும் லேபிளே இருக்காது. கரும்புச்சாறு காய்ச்சும்போது அழுக்கு நீங்கி மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சில ஆலைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று அழைக்கும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைச் சேர்க்கிறார்கள். சேலம், ஈரோடு மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளைச் சோதித்து இதற்காகவும் வெள்ளைச் சர்க்கரைக் கலப்புக்காகவும் நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள். வாங்குபவர்கள் பளிச்சென்ற நிறத்தைக் கேட்பதால்தான் இந்த வேலை நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைதான் போகிறது என்பது நம் பக்கத்துக்குப் பெருமை. ஆயினும் ஊர்ப்பெயரை மட்டும் நம்பி சல்ஃபைட் ஒவ்வாதவர் வாங்கக் கூடாது. கருமை கலந்த பழுப்பு நிறமுள்ளதை, காய்ச்சுபவரை நேரில் கேட்டு வாங்குங்கள். காங்கேயம் பக்கத்துக் களங்களில் கொப்பரை பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுவதும் உண்டு. பொடிக்கும் சட்னிக்கும் கொப்பரை வேண்டுமானால், வீட்டுத் தேங்காயை வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

‘சுகர் ஃப்ரீ’, ‘நோ ஆடட் சுகர்’ இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. முதலாவதில் 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. இரண்டாவது, சர்க்கரையைத் தனியாகச் சேர்க்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. பழத்திலோ பாலிலோ இயல்பாக உள்ளது அப்படியே இருக்கும். இரண்டிலும் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கலாம். அது சர்க்கரைக் கணக்கில் வராமல் மாவுச்சத்தில் வரும், ஆனால் இரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் மொத்தக் கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், பழரசச் செறிவு, தேன், வெல்லம் எல்லாம் சேர்க்கப்பட்ட சர்க்கரையே. 951 என்ற அஸ்பார்டேம், ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆகாது. அந்த எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும்.

வெங்காயம், பூண்டு விலக்குபவர்கள் எப்படிப் பார்ப்பது?

விரதத்துக்காகவும் குடல் நோய்க்காகவும் இந்தக் கேள்வி வருகிறது. ‘ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ்’ என்று மொத்தமாக எழுத விதி இடம் கொடுக்கிறது. அதற்குள் எந்த மசாலா என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘நேச்சுரல் ஃப்ளேவர்’, ‘சீசனிங்’ ஆகியவையும் அப்படியே மூடிய பைகள். தயாரிப்பாளரைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. குடல் நோய்க்காக விலக்குபவர்கள் இனுலின், சிக்கரி வேர் நார் ஆகியவற்றையும், 420, 421, 953, 965, 967 என்ற சர்க்கரை ஆல்கஹால்களையும் சேர்த்து விலக்க வேண்டியிருக்கும். வயிறு இளகும் என்ற எச்சரிக்கை சில மிட்டாய்ப் பாக்கெட்டுகளில் இருப்பது இவற்றால்தான்.

பச்சைப் புள்ளி இருந்தால் முழுச் சைவம் என்று கொள்ளலாமா?

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவத்துக்கும், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவத்துக்கும் உரியவை. பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் நிறம், அதாவது 120, பச்சைப் புள்ளியோடு வரக் கூடாது. ஆனால் பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றைச் சட்டம் அசைவ வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆகவே மிட்டாயின் மேல் பளபளப்புக்குப் பூசும் 904, 901 ஆகியவை பச்சைப் புள்ளியோடு வரலாம். பாலும் வேண்டாம் என்பவர்கள் 2022இல் வந்த தனி வீகன் சின்னத்தைப் பாருங்கள். சுவை கூட்டியான 631, எண்ணெயையும் நீரையும் கலக்கச் செய்யும் 471 போன்றவை தாவரம், விலங்கு என எந்த மூலத்திலிருந்தும் வரலாம். உட்பொருள்கள் தாவர மூலமா, விலங்கு மூலமா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2021 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோதும் 631 பேச்சில் வந்தது.

சிறு சாஷே, பேக்கரி, சந்தை ஆகியவற்றுக்கு லேபிள் எங்கே?

மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பொட்டலத்தில் உட்பொருள் பட்டியலைப் போடாமல் விட விதியில் இடம் உண்டு; பல பொட்டலங்கள் சேர்ந்த பெரிய உறையில் அந்த விவரம் இருக்க வேண்டும். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சாஷேயில் பட்டியல் இல்லையென்றால், அந்தச் சரம் வந்த உறையைக் கேளுங்கள், அல்லது பெரிய பாக்கெட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் பக்கத்தில் டீக்கடையையே பேக்கரி என்கிறோம். கண்ணாடி அலமாரியில் இருக்கும் பப்ஸுக்கும் தேங்காய் பன்னுக்கும் லேபிள் கிடையாது. மாவுக் கலவையும் மார்ஜரினும் கிரீமும் மூட்டையாகவும் டப்பாவாகவும் வருகின்றன, அவற்றில் லேபிள் உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் மாஸ்டர் எடுத்துக் காட்டுவார். பளீரென்ற நிறமுள்ள லேபிள் இல்லாத தீனியைக் குழந்தைகளுக்கு வாங்காமல் இருப்பது நல்லது. துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் இருந்ததற்காகத்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது.

மருந்துகளையும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். மாத்திரையில் லாக்டோஸும் ஸ்டார்ச்சும், கேப்ஸ்யூலில் ஜெலட்டினும், இருமல் சிரப்பிலும் லேகியத்திலும் சர்க்கரையும் இருக்கும். ஆனால் லேபிளைப் பார்த்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் பல மருந்துகளுக்கு மாற்று இருக்கும்.

லேபிளில் தெரியாததைத் தயாரிப்பாளரிடம் எப்படிக் கேட்பது?

பாக்கெட்டில் நுகர்வோர் தொடர்பு எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். ‘இது நல்லதா?’ என்று கேட்டால் ‘நல்லதுங்க’ என்ற பதில்தான் வரும். பாட்ச் எண்ணைச் சொல்லி, ‘மிக்ஸ்ட் ஸ்பைசஸில் உள்ள பெருங்காயத்தில் கோதுமை உண்டா, அதே வரிசையில் கோதுமைப் பொருள் எதுவும் பொட்டலமிடப்படுகிறதா?’ என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மின்னஞ்சலாக வந்தால் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு முறை மாறக்கூடும் என்பதால், உறையின் வடிவமைப்பு மாறினாலோ ‘புதிய சுவை’ என்று எழுதினாலோ மறுபடியும் பட்டியலை வாசித்துவிட்டு, ஐயம் இருந்தால் மறுபடியும் கேளுங்கள்.

ஒவ்வாமை அறிவிப்பு விடுபட்டிருந்தாலோ, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இல்லாமல் விற்றாலோ, ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் புகார் செய்யலாம். மாவட்டந்தோறும் உள்ள உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும் கொடுக்கலாம். புகாரோடு பாக்கெட்டின் எல்லாப் பக்கங்களின் படத்தையும் கடைச் சீட்டையும் இணையுங்கள். பிரித்த பாக்கெட்டில் மீதியிருப்பதைக் கொட்டிவிடாமல், பாட்ச் எண் உள்ள உறையோடு கட்டி, வீட்டில் மற்றவர்கள் எடுத்துவிடாத இடத்தில் வையுங்கள். விசாரிக்க வரும் அலுவலர் அதைத்தான் முதலில் கேட்பார்.